அப்பா கத்திய சொல்

எங்கள் தேயிலை மலையில் துரைமார் வருஷா வருஷம் நடத்திய கோல்ஃப் பந்தயம் ஏன் நின்றுபோனது என்று கேட்டால், சண்டை வந்ததால் நின்றது என்று தானா ராத்தா டவுன் கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சண்டை முடிந்த பிறகு அதைத் திரும்பத் தொடங்கப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் அங்கே நின்றிருந்தேன். அதனால் மீதிப் பாதியை நான்தான் எழுத வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அதைப் பந்தயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'கப்பு' என்பார்கள். மழை விட்டுப் பனி இறங்கும் மாதத்தில் பேராக் பக்கத்திலிருந்தும் சிலாங்கூரிலிருந்தும் துரைமார் மோட்டாரில் வந்து இறங்குவார்கள். வெள்ளிக் கப்பு ஒன்றைத் துடைத்து மேசைமேல் வைத்திருப்பார்கள். ஜெயித்தவர் அதில் பீர் ஊற்றிக் குடிப்பார். அவர்களுடைய பைகளைச் சுமப்பதற்கு எங்கள் தோட்டத்து ஆட்கள் போவார்கள். அப்பா எங்கள் துரைக்குப் பை சுமந்தார். அந்தக் கூலியில்தான் நான் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான்.

பந்து தப்பி யார் பக்கமாவது பறந்தால், தலையைக் காத்துக்கொள் என்று எச்சரிக்க இங்கிலீஷில் ஒரு சொல் உண்டு. ஃபோர். துரைமார் சோம்பல் பட்டு அதைப் பை சுமக்கிறவர்களிடம் விட்டுவிட்டார்கள். அப்பாவின் வாயில் அது 'போர்' ஆகிவிட்டது. அவர் குரல் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்குக்கூடக் கேட்கும். லீவில் வந்திருந்தபோது நான் ஒருமுறை திருத்திப் பார்த்தேன்.

"போர் இல்லப்பா. ஃபோர். உதட்டக் கடிச்சுச் சொல்லணும்."

"பந்து மண்டைக்கு வருதுடா. நான் உதட்டக் கடிச்சிக்கிட்டு நின்னா அவன் மண்டை என்னாவுறது?" என்றார் அப்பா. அம்மா அடுப்படியில் சிரித்தது இன்னும் கேட்கிறது.

கடைசிக் கப்புக்குப் புல் வெட்டியாகிவிட்டது, குழிகளில் சிவப்புக் கொடியும் நட்டாகிவிட்டது. அந்த வாரம்தான் ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. துரைமார் மோட்டார்களில் ஏறிப் போனார்கள். எங்கள் துரை அப்பாவைப் பார்த்துக் கை தூக்கிவிட்டுப் போனதாக அப்பா சொன்னார். கொடிகள் மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. துணிப் பஞ்சம் வந்ததும் அவையும் போயின. கொஞ்ச நாளில் எங்கள் லயத்தில் பல பேருடைய இடுப்பில் சிவப்புத் துணி தெரிந்தது.

பிறகு கோல்ஃப் மைதானத்தை மரவள்ளித் தோட்டமாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அரிசி இல்லை. தேயிலையைத் தின்ன முடியாது. அப்பாவும் மற்றவர்களும் அந்தப் பச்சைத் தரையைக் கொத்திப் பாத்தி கட்டினார்கள். ஓரத்துக் காட்டை வெட்டி, அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். எனக்குத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணிக்குக் கீழே கணக்கெழுதும் வேலை. மலாய் தெரியும், இங்கிலீஷ் தெரியும், ஜப்பான் வகுப்பில் உட்கார்ந்து நாலு வார்த்தை படித்திருந்தேன். இங்கிலீஷை மட்டும் தூக்கத்தில்கூடப் பேசாதே என்று பெரிய கிராணி சொல்லியிருந்தார். தானா ராத்தாவில் ஒருவர் ஜப்பான்காரனைப் பார்த்து 'குட் மார்னிங்' என்று சொல்லி அடிபட்டுப் பல் போய் வந்திருந்தார். அவருக்கு அது பழக்கதோஷம், வேறொன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய பயம் சயாம். அங்கே ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு ஆள் வேண்டும் என்று லோரி வரும். தாப்பாவரை லோரி, அங்கிருந்து ரயில். கொஞ்ச நாள் வேலைதான், அரிசி உண்டு, துணி உண்டு என்பார்கள். போனவர்கள் யாரும் வரவில்லை. லோரிச் சத்தம் வளைவில் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். எங்கள் தோட்டத்தில் மரவள்ளி போடுகிறவர்களைத் தொட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை நம்பித்தான் அப்பா ஓடாமல் மைதானத்தில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு உண்மையா என்று தினமும் காலையில் என்னிடம் கேட்பார். உண்மைதான் என்பேன். எனக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் லோரி மைதானத்துக்கே வந்தது. அதிகாரி ஒருவர், துப்பாக்கியோடு சிப்பாய்கள். ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பு மடியக் குனிய வேண்டும் என்பது சட்டம், எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் குனிந்தோம். அதிகாரி பாத்திகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். பெரிய கிராணி அவருக்குப் பின்னாலும், நான் கிராணிக்குப் பின்னாலும் போனோம். அதிகாரி ஒவ்வொரு ஆளின் தோளையும் பார்த்தார். சிலரைப் பிரம்பால் தொட்டார். தொட்டவர்கள் லோரிப் பக்கம் போனார்கள். மரவள்ளிப் பேச்சு பொய் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு முன்னால் சில பேர்தான் நின்றிருந்தார்கள்.

மேட்டில் தோண்டிப் பாதியில் விட்டிருந்த அடிக்கட்டை ஒன்று அப்போதுதான் பிடி விட்டது. நான் பார்க்கவில்லை, என் தலை குனிந்திருந்தது. அப்பா தலையைத் தூக்கியிருக்கிறார்.

"போர்!"

அந்தத் தரையில் நின்றால் அவர் வாயில் வருகிற சொல் அதுதான். அதிகாரி திடுக்கிட்டு ஓர் எட்டுப் பின்வாங்கினார். அவர் நின்றிருந்த இடத்தை உரசிக்கொண்டு அடிக்கட்டை உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஆனால் சிப்பாய்கள் கட்டையைப் பார்க்கவில்லை. உத்தரவில்லாமல் தலை தூக்கி அதிகாரியைப் பார்த்துக் கத்தியவரைப் பார்த்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் அடித்து அப்பாவை மண்டிபோட வைத்தார்கள்.

அவன் என்ன சொன்னான் என்று அதிகாரி பெரிய கிராணியிடம் மலாயில் கேட்டார். பெரிய கிராணி கெட்டவர் இல்லை. கப்பு நடந்த காலத்தில் அவர் மைதானப் பக்கம் வந்ததே இல்லை, ஆபீஸோடு சரி. அவர் காதில் விழுந்தது நல்ல தமிழ்ச் சொல். பயத்தில் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்.

"பெராங், துவான்."

துவான் என்றால் மலாயில் ஐயா, பெராங் என்றால் சண்டை, யுத்தம். அதைக் கேட்டதும் சிப்பாய் ஒருவன் அப்பாவின் பின்கழுத்தில் துப்பாக்கி முனையை வைத்தான். அது தமிழ் இல்லை என்று சொன்னால், பிறகு என்ன மொழி என்று கேட்பார்கள். இங்கிலீஷ் என்று சொன்னால் துரையின் ஆள் என்று ஆகும். வைக்கோல் போர் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அந்த மலையில் வைக்கோல் ஏது? பெரிய கிராணி என்னைப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

"தம்பி, நீ ஏதாச்சும் சொல்லுப்பா," என்றார் உதடு அசையாமல்.

நான் மண்டிபோட்டேன். துவான், இது முன்னே விளையாட்டுத் திடல் என்று மலாயில் சொன்னேன். பந்து வந்தால் விலகச் சொல்லும் சத்தம் அது, சண்டை இல்லை, துவான்மேல் கட்டை விழாமல் இருக்கத்தான் கத்தினார் என்றேன். நான் சொன்னது எதுவும் அவர் முகத்தில் தெரியவில்லை. அந்தப் பாத்தி நடுவில் பழைய குழி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதில் பதித்திருந்த இரும்புக் குவளையை அப்பா பிடுங்காமல் விட்டிருந்தார். நான் தவழ்ந்து போய் விரலால் மண்ணைப் பறித்தேன். நகம் பிய்ந்தது. துருப்பிடித்த வட்ட விளிம்பு வெளியே வந்தது. அதன்மேல் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

அதிகாரி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பூட்ஸ் நுனியால் விளிம்பைத் தட்டினார்.

"கோருஃபு?" என்றார், கோல்ஃபைத்தான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மைதானம் முழுவதையும், மேட்டிலிருந்து பள்ளம்வரை, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் ஊரில் விளையாடியிருப்பார் போலிருக்கிறது. பிரம்பை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார், துரைமார் கோல்ஃப் மட்டையைப் பிடிக்கிற அந்தப் பிடி எனக்குத் தெரியும். பிறகு பிரம்பைத் திருப்பி அப்பாவின் கன்னத்தில் ஓங்கி அடித்தார். அது எதிரியின் சொல், இனி அதைச் சொன்னால் தலை போகும், நிப்பான் சொல்லை, ஜப்பான் சொல்லை, சொல் என்றார். சொல்லையும் அவரே கற்றுக்கொடுத்தார்.

"அபுனாய்!"

அப்பா வாயில் ரத்தத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய நாய்ங்கிறாரா, தம்பி?"

"இல்லப்பா. ஜாக்கிரதைன்னு அர்த்தம். கத்துங்கப்பா."

"நாய்னு முடியுதேடா. அவரு மூஞ்சியப் பாத்து எப்படிடா கத்துவேன்?"

"கத்துங்கப்பா."

கத்தினார். சத்தம் போதவில்லை என்று அடி. மறுபடி கத்தினார், மறுபடி அடி. அவர் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வருகிறவரைக்கும் அடி நிற்கவில்லை. லோரியில் ஏறியிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதிகாரி, இந்த ஆள் இங்கேயே இருக்கட்டும், கட்டை தோண்டும் இடத்தில் நின்று கத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். லோரி வளைவில் மறைகிறவரை நாங்கள் நிமிரவில்லை.

ஜப்பான்காரன் இருந்தவரை அப்பா அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டே இருந்தார். கட்டை உருண்டாலும் கத்தினார், உருளாவிட்டாலும் கத்தினார். நின்றுவிட்டால் சயாம் என்று அவருக்குள் ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் பானை சரிந்தால்கூட அதே சொல்தான். அம்மா அப்போதெல்லாம் சிரிப்பதில்லை. ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள்.

பிறகு ஜப்பான்காரன் போனான். எங்கள் துரை திரும்பி வந்தார். சிங்கப்பூரில் ஜப்பான்காரனின் ஜெயிலில் இருந்தாராம். சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. ஒரு நாள் இன்னும் இரண்டு துரைமாரோடு மைதானத்துக்கு வந்தார். கப்பை மறுபடி நடத்த முடியுமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். கிழக்குப் பக்கம் கொஞ்சம் புல் முளைத்திருந்தது. எங்கிருந்தோ ஒரு பையும் கிடைத்திருந்தது. துரை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா தலைக்கு எண்ணெய் வைத்து, இருந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். துரை அவர் தோளைத் தட்டினார். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

துரை பந்தை வைத்து அடித்தார். கையில் பலம் இல்லையோ என்னவோ, பந்து வலது பக்கம் வளைந்து போனது. அங்கே பெண்கள் மிச்ச மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அவர்களோடு இருந்தாள்.

"அபுனாய்!"

பெண்கள் பொத்தென்று உட்கார்ந்தார்கள். பந்து அவர்களைத் தாண்டிப் போனது. நான் திரும்பிப் பார்த்தபோது துரையின் கையில் மட்டை இல்லை. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து மடிந்து, தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தார். வெறும் பாத்திகளைப் பார்த்து நின்றார். அப்பாவும் தான் கத்தியது என்ன என்று தெரிந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அதேபோலக் குனிந்துவிட்டார். யார் முதலில் நிமிர்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மற்ற துரைமாரில் ஒருவர் வந்து தோளில் கை வைத்ததும் எங்கள் துரை நிமிர்ந்தார். யாரையும் பார்க்காமல் மோட்டாரை நோக்கி நடந்தார். கீழே கிடந்த மட்டையை எடுக்கவில்லை. கப்பு பற்றி அதன்பிறகு அவர் பேசியதாக நான் கேட்கவில்லை. இப்போது மைதானத்தில் வேறு யாரோ வந்து விளையாடுகிறார்கள். ஊரெங்கிலுமிருந்து துரைமார் வந்து கூடுகிற அந்தப் பந்தயம் மட்டும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா லயத்து வாசலில் நின்று, கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அவரையும் அடிச்சுத்தான் சொல்லிக் குடுத்திருப்பானுங்களா, தம்பி?"

இருக்கும் என்றேன். தன் பழைய சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், உதட்டைக் கடித்து, நான் எப்போதோ திருத்தியபடி. சத்தம் வரவில்லை. சொல்லிவிட்டு வளைவுப் பக்கம் பார்த்தார். லோரி எதுவும் வரவில்லை.