பழைய துணி வைத்த பொட்டலங்கள்

பிள்ளை பிறந்தால் எங்கள் பக்கம் உடனே புதுத்துணி போட மாட்டார்கள். பேர் வைக்கிற நாள் வரைக்கும் பழைய துணிதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வாயில் சேலையைக் கிழித்து, வெயிலில் காயவைத்து, மாசமான பெண் இருக்கிற வீட்டில் முன்கூட்டியே மடித்து வைத்திருப்போம். புதுத்துணி பச்சை உடம்பை அறுக்கும். என் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் சுற்றி வைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் நான் தப்புச் செய்தேன்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டையரான ஒரு நர்சம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆப்பிரிக்காவில் ஒரு மலைநாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பகல் நடக்க வேண்டுமாம். அதனால் நிறையப் பெண்கள் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்களாம். ஒரு பிரசவத்துக்கு ஒரு பொட்டலம் என்று பல ஊர்க்காரர்கள் செய்து அனுப்புகிறார்கள், நாமும் செய்யலாம் என்று மகளிர் குழுவில் வந்து சொன்னார். வாய் பேசிச் செய்ய வேண்டிய வேலை எதுவும் அதில் இல்லை என்பதால் நானும் சேர்ந்துகொண்டேன்.

கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, கையுறை, பிரிக்காத பிளேடு, தொப்புள்கொடியைக் கட்ட நூல், குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் இரண்டு துணி. இவ்வளவுதான் ஒரு பொட்டலம். சோப்பை ஒரு கடைக்காரர் கொடுத்தார், துணியை ஈரோட்டில் ஒருவர் தானமாக அனுப்பினார். நான் துணியை மடித்து, உள்ளே இருப்பது தெரியாத கவருக்குள் வைப்பேன். மற்றவர்கள் மற்றதைப் போட்டு மிஷினில் கவரின் வாயை ஒட்டுவார்கள்.

எனக்கு அடுத்து சோப்பு வைக்கிறவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனார் சம்சாரம். அவளுக்கு வாய் ஓயாது.

"எங்கக்காவ அந்த ஊருக்கே அனுப்பி வுடலாங்க நர்சம்மா. பாஷ தெரியலன்னு கஷ்டமே இல்ல. இங்கயே பேசறதில்லயே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மடித்தேன். ஆனால் கை தன்பாட்டுக்கு மடித்தாலும் மனது அந்தத் துணியையே தடவிக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, காகிதம் மாதிரி மொடமொடவென்று நின்றது. இதை ஈரத் தலையில் வைப்பார்களா, கழுத்தைச் சுற்றுவார்களா?

கடைசி வாரம் நாங்கள் வேலை செய்யும் குழுக் கட்டடத்தில் வேறு கூட்டம் நடந்ததால், என் பங்குத் துணியையும் கவர்களையும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். பெட்டியில் என் வாயில் சேலைகள் நான்கு இருந்தன. கிழித்தேன். கொதிக்க வைத்து அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டேன். புதுத்துணியை எடுத்துவிட்டு இதை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எடுத்த புதுத்துணியைத் திருப்பிக் கொடுத்தால் கேள்வி வரும் என்று டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்தேன். கவர்கள் மற்றதோடு கலந்து, ஒட்டி, ஆறு அட்டைப் பெட்டிகளுக்குள் போய்விட்டன.

வேன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் நர்சம்மா ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார். உள்ளே இருப்பது எல்லாம் புதியது, ஒன்றுகூடப் பயன்படுத்தியது இல்லை என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம் இறங்கினதும் திறந்து பார்ப்பார்களாம். பழசு ஒன்று கண்ணில் பட்டாலும் மொத்தத்தையும் ஓரம் கட்டிவிடுவார்களாம்.

சாயங்காலம் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு நர்சம்மா வீட்டுக்குப் போனேன். கீரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பப் போய், வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். வந்துவிட்டேன். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாளியை நடுவழியில் வைத்துவிட்டு மறுபடி போனேன்.

"என்னாங்க அக்கா, மூணாந்தடவ வர்றீங்க. ஒடம்பு சரியில்லீங்களா?"

"துணிய மாத்திட்டனுங்க."

"எந்தத் துணியங்க?"

"பொட்டலத்துத் துணி. புதுச எடுத்துட்டு என் சேலயக் கிழிச்சு வச்சிட்டனுங்க. பச்சக் கொழந்தைக்குப் புதுசு ஆகாதுன்னு."

நர்சம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன பொட்டலத்துல?"

"எண்ணலீங்க."

"எந்தப் பெட்டியில இருக்குது?"

"தெரியலீங்க. வெந்நீர்ல போட்டு அலசுனங்க. ரெண்டு நாள் நல்ல வெயிலு."

"எனக்கு உங்களையும் தெரியும், நம்மூரு வெயிலையும் தெரியுங்க அக்கா. அங்க பெட்டியத் தொறக்கறவங்களுக்குத் தெரியாதில்லீங்களா. அந்தத் துணியில ஒரு கொழந்தைக்குக் கிருமி பட்டுச்சுன்னா நாம என்னாங்க பதில் சொல்றது?"

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஓட்டமாக வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். முப்பத்து மூன்று புதுத்துணி. அவ்வளவையும் வாரிக்கொண்டு குழுக் கட்டடத்துக்குப் போனேன். நர்சம்மா ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். ஆறு பெட்டியையும் பிரித்து, ஒன்றோடொன்று கலக்காமல் தரையில் கொட்டினோம்.

கவருக்கு மேலே தடவிப் பார்த்தால் மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குத்தான் விரலில் தெரிந்தது. புதுசு விரலை எதிர்க்கும், பழசு அமுங்கிப்போகும். நான் எடுத்து எடுத்துக் கொடுக்க, ஒருத்தி கத்தரித்தாள், ஒருத்தி புதுத்துணி வைத்தாள், ஒருத்தி வேறு கவரில் போட்டு ஒட்டினாள். ஓரகத்தி மட்டும் சும்மா இருக்கவில்லை.

"நாங்க புதுச் சேலைக்கு அலையுறோம். எங்கக்கா பழஞ்சேலைய வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க."

பதினொன்றரை மணிக்குப் பதினாறு பொட்டலம் கிடைத்திருந்தது. பொட்டலத்துக்கு இரண்டாக முப்பத்திரண்டு துணி. கையில் ஒரு புதுத்துணி மிச்சம் நின்றது.

"ஒத்தத் துணி எப்பிடிக்கா மிஞ்சும்?" என்றாள் ஓரகத்தி.

அப்போதுதான் நினைவு வந்தது. கடைசிப் பொட்டலத்துக்குச் சேலை போதவில்லை. உள்ளே ஒரு பழசும், அதைச் சுற்றி ஒரு புதுசுமாக மடித்து வைத்திருந்தேன். வெளியில் புதுசு இருந்ததால் என் விரலே ஏமாந்துபோயிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் தடவ வேண்டும்.

இரண்டாவது பெட்டிப் பொட்டலங்களைத் தடவிக்கொண்டிருக்கும்போது வேன் வந்துவிட்டது. டிரைவர் வாசலில் நின்று பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதான ஆயா? வுடுங்க. அத்தன பெட்டியில அத யாரு பாக்கப் போறாங்க. இன்னிக்கே சென்னைல எறக்கணும்" என்றார்.

நர்சம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். காகிதத்தையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். போகட்டும் என்று தலையை ஆட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இருப்பா. கையெழுத்து அவங்க போடறது" என்றேன்.

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஓரகத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள், கேலி செய்யவில்லை. டிரைவர் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாவது பெட்டியில் அகப்பட்டது. ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தால் ஒரு மடிப்பு கெட்டியாகவும் அதற்குள் ஒன்றுமே இல்லாத மாதிரியும் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். என் ஊதாச் சேலையின் துண்டு. நர்சம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மிஞ்சிய புதுத்துணியை அதில் வைத்து ஒட்டி, பெட்டிகளைக் கட்டி ஏற்றினார்கள். வேன் கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்த்துப் போனது.

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொட்டலங்களிலிருந்து எடுத்த என் சேலைத் துண்டுகளைக் கொடியில் போட்டால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், பெட்டியில் வைத்தால் மனது கேட்கும். எங்கோ ஒரு பிள்ளையின் கழுத்தில் அந்தக் கஞ்சித் துணி உரசுவது மாதிரியே இருந்தது.

சில மாதம் கழித்து நர்சம்மா செல்போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெட்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டன, ஒன்றும் தடையில்லை. ஒரு போட்டோ வந்திருந்தது. கட்டிலில் ஒரு பெண், மடியில் அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி ஒரு குழந்தை. நம் வெள்ளைத் துணிதான் சுற்றியிருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. குழந்தையின் கழுத்தைத்தான் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கும் கழுத்துக்கும் நடுவில் மங்கலாகப் பூப்போட்ட ஏதோ ஒன்று தெரிந்தது.

"இது என்னாங்க? அடியில பழஞ்சேல வச்சிருக்கறாப்பலயா?"

"அம்மாவோட சட்டக் கையா இருக்குங்க அக்கா."

"கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

அவர் விரலால் இழுத்தார். பூ இன்னும் மங்கலாகப் போனது.

"இன்னுங் கொஞ்சம்" என்றேன். நர்சம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் இழுத்தார்.