ஐம்பத்தாறு வயதில் சிஸ்டர் ஏறிய மலை

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரோட்டோரத்தில் சிஸ்டர் தண்ணீர் கொட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊருக்குப் போய்விட்டுச் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன். சேலையைத் தூக்கிச் செருகி, ஆண்கள் போடுகிற கனத்த தோல் பூட்ஸும் முதுகில் மூட்டை மாதிரி ஒரு பையுமாக, அடிவாரத்திலிருந்து மேலே வரும் பழைய நடைபாதை வழியாக ஏறி வந்தார் அவர். நெற்றியெல்லாம் வியர்வை. பையை இறக்கி, காலி குளுக்கோஸ் பாட்டில்களில் நிரப்பியிருந்த தண்ணீரை ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் கொட்டினார். பன்னிரண்டு பாட்டில். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான்தான் கிட்டே போய்க் கேட்டேன். ஏறும்போதுதான் பாரம் வேண்டும், இறங்கும்போது வெறும் பையோடு போனால் முட்டி தாங்கும் என்றார், ஊசி போடும்முன் கையை லூசாக வைக்கச் சொல்கிற அதே குரலில். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். எனக்கு முப்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது. காப்பி பறிக்க வருகிற பெண்களின் கையில் ஏறிய முள், காலில் ஒட்டிய அட்டை, பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் சிஸ்டர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதம் வந்து படுத்த அம்மாவைப் பதினொரு வருடம் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா போனதும், டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த தம்பி வந்து, தனியாக எதற்கு, என் ஊட்டுக்கே வந்துவிடு, குழந்தைகளுக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்றார். பாசத்தோடுதான் கூப்பிட்டார். ஒரு படுக்கையோரத்தை விட்டு எழுந்தவளை இன்னொரு அடுப்படிக்குக் கூப்பிடுகிறான் என்று என்னிடம் சொல்லிவிட்டு, குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொண்டார் சிஸ்டர்.

அந்த வருடம்தான் சர்ச்சிலிருந்து பெண்கள் சேர்ந்து டார்ஜிலிங் போனார்கள். அங்கே ஒரு விடியலில், மேகம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது மலை என்று தெரிந்தபோது, சிஸ்டர் பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவரிடம் சைகையும் அரைகுறை இந்தியுமாக, அதற்கு மேலே ஆள் போவார்களா என்று கேட்டிருக்கிறார். போவார்கள் என்றார் அவர். பெண்கள்? அவர்களும் போவார்கள். மற்றவர்கள் கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டர் மலையேற்றம் சொல்லித்தரும் ஒரு பயிற்சிக்கூடத்தின் விலாசத்தை வாங்கிக்கொண்டு வந்தார். எழுதிப் போட்டதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: வயது மீறிவிட்டது. அந்தக் கடிதத்தை டிஸ்பென்சரி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தார். ஏன் சிஸ்டர் இதைப் போய் வைக்கிறீர்கள் என்றேன். யார் என்னை வேண்டாம் என்றார்கள் என்பதை நான் மறந்துவிடக் கூடாது என்றார்.

பிறகு பெங்களூரில் ஒரு குழு கிடைத்தது. லடாக்கில் ஆறாயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சிகரத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள். வயது பரவாயில்லை, டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நம் ஏற்காட்டை ஒன்றின் மேல் ஒன்றாக நாலு தடவை அடுக்கினால் வருகிற உயரம். அங்கே மூச்சுக்குக் கிடைப்பது பாதிக் காற்றுதான். டிஸ்பென்சரி வேலை முடிந்து தலைச்சோலைக் கிராமம் வரை போய்த் திரும்புவதும், சேர்வராயன் கோயில் ஏற்றத்தில் ஒரே மூச்சாக மூன்று தடவை ஏறி இறங்குவதும் வேறு, இது வேறு. தூங்கும்போதே நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப் போகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அவருக்குத் தெரியாமல் தம்பியின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி அன்றைக்கே டாக்டரைப் பார்த்தார். வாரத்துக்கு இரண்டு நாள் சேலத்திலிருந்து வருகிற அந்த டாக்டர், சிஸ்டர் நீட்டிய படிவத்தை, முதுகில் தட்டிக் கொடுக்காத குறையாகச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. இரண்டு வாரம் என்னிடம் மருந்துப் பெயர்களைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் ஒரு மத்தியானம், கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"என்னைய காப்பாத்தறேன்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்பே, தெரியும் கண்ணு. முப்பது வருசமா ஊரு உசுரையெல்லாம் நான் பாத்துட்டேன். என் உசுரை மட்டும் எனக்குப் பாத்துக்கத் தெரியாதுன்னு எப்படி நெனச்சே?"

எதிரே உட்கார்ந்து மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

சேலத்துக்குப் போய் இதயம், நுரையீரல் எல்லாவற்றுக்கும் பரிசோதனை செய்துகொண்டு, வேறொரு டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, ஐம்பத்தைந்து வயதில் போனார். தோற்றுத்தான் வந்தார். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. கடைசி முகாமிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில், நீங்கள் ரொம்ப மெதுவாக நடக்கிறீர்கள், உங்களால் மற்றவர்களுக்கும் தாமதம் என்று குழுத் தலைவர் அவரை ஒரு துணை ஆளோடு கீழே அனுப்பிவிட்டார். அந்தத் தலைவருக்கு இவர் வயதில் பாதிகூட இல்லை. ஊரில் சிரித்தார்கள். ஆசை தீர்ந்ததா என்று தம்பி கேட்டாராம். சிஸ்டர் மறுநாள் காலை வழக்கம்போல ஏழரைக்கு டிஸ்பென்சரியைத் திறந்தார். மூன்றாம் நாள் மறுபடியும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடக்கப் போனார்.

மறுவருடம் படிவத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, சம்மதம் என்று இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் காகிதத்தைச் சிஸ்டர் என் முன்னால் வைத்தார். நான் செய்ததைத் தெரிந்துகொண்டே என்னிடம் வருகிறார். உறவுமுறை என்ற இடத்தில் என்னங்க எழுதறது என்று கேட்டேன்.

"கூட வேல செய்யறவன்னு எழுது. அது போதும்."

எழுதினேன். அன்று மாலையே தம்பி டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து, என் அக்காவுக்கு ஏதாவது ஆனால் உன் கழுத்தைத்தான் பிடிப்பேன் என்றார். சரிங்க என்றேன். என்னிடமிருந்து அவர் அதை எதிர்பார்க்கவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை.

இருபத்து மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. மலையில் நடந்ததை அவர் திரும்பி வந்த பிறகு, உரிந்துபோன மூக்கில் களிம்பு தடவிக்கொண்டே, தவணை தவணையாகச் சொன்னார். இந்தத் தடவை கடைசி முகாமிலேயே அதே தலைவரிடம் பேசிவிட்டாராம்: நான் மெதுவாகத்தான் நடப்பேன், அதனால் ஒரு வழிகாட்டியோடு உங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்புகிறேன். எங்கே நின்றாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி என்றார் தலைவர். சரி என்றார் சிஸ்டர். பத்து அடி வைத்து ஐந்து மூச்சு, மறுபடி பத்து அடி. நடுவழியில் மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். சிகரத்தில் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கி வந்தபோது, சிஸ்டர் இன்னும் கடைசி விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தார். போதும், இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, எங்களோடு இறங்கிவிடுங்கள் என்றார் தலைவர். சிஸ்டர் கையுறையைச் சற்று விலக்கிக் கடிகாரத்தைக் காட்டினார். மணி பதினொன்றே முக்கால். எனக்கு ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். தலைவர் கடிகாரத்தையும் அவரையும் பார்த்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாராம். பன்னிரண்டே முக்காலுக்குச் சிஸ்டர் மேலே போய் நின்றார்.

மேலே நின்னப்ப என்னங்க தோணுச்சு என்று ஆவலாகக் கேட்டேன். "எறங்கோணுமேன்னு தோணுச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, யாரும் கூப்பிடாத இடத்தில் கால் மணி நேரம் இருந்தேன், அது நொம்ப நல்லா இருந்தது என்றும் சொன்னார்.

வழிகாட்டி எடுத்த ஒரே ஒரு படம் தபாலில் வந்தது. குளிர்க்கண்ணாடி, முகத்துணி, தலைக்கு மேலே இழுத்துவிட்ட குல்லாய், கண்கூடத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு சாமான் வாங்கத் தம்பி கடைக்குப் போனார் சிஸ்டர், பின்னால் நானும். தம்பி படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, மூஞ்சியே தெரியலையே அக்கா, இது நீதான்னு யாரு நம்புவா என்றார். சிஸ்டர் படத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நம்பாட்டிப் போ சாமி. உன்ட்ட காட்டறதுக்கு நான் ஏறல. அரைக் கிலோ சக்கரை போடு."

தம்பி சர்க்கரையை நிறுத்தார். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

டிஸ்பென்சரி இருந்த கட்டடம் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. சிஸ்டர் எழுபத்தைந்தைத் தாண்டியும் தலைச்சோலையில் தனியாகத்தான் இருக்கிறார். சேலத்துக்கு வந்துவிடச் சொல்லும் தம்பி மகன்களுக்கு வருடா வருடம் ஒரே பதில்தான். எனக்கு இப்போது ஐம்பத்தாறு. தண்ணியில்லாத ஊரில் பிறந்தவன், நீச்சல் தெரியாது. சேலத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் மெல்ல எடுத்தபோது, இந்த வயசுல எதுக்குப்பா என்றான் மகன். பேச்சு அக்கறையாகத்தான் இருந்தது. ஒரு மாதம் யோசித்துவிட்டு, தலைச்சோலைக்கு பஸ் ஏறிப் போய்ச் சிஸ்டரிடம், இந்த வயதில் சரிப்படுமா என்று கேட்டேன். அவர் தைரியம் எதுவும் சொல்லவில்லை.

"பேரு குடுத்துட்டியா?"

இல்லைங்க என்றேன்.

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து கேக்கறே?"

மறுநாள் காலை சேலத்தில் இறங்கினேன். பெயரைக் கொடுத்து, குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் முதல் தடவை தலையை முக்கி எழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்துதான் மகனிடம் சொன்னேன்.