மஞ்சள் குறி எடுக்கிறவர்

எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் 'ஒருநிமிஷம்'. வைத்தது நான்தான், வேறு யார்? சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் போகிற அன்றைக்கு மொத்த ஆபீசும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கும். இந்த மனுஷன் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்மா, இந்த ஒரு வரியைப் பார்த்துடறேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்த கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான். கத்திவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த வரியைப் பார்த்து முடிப்பார்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர். டோக்கன் நம்பர், ரத்த டெஸ்ட் ரிசல்ட், ஆபரேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் வீட்டாருடைய போனுக்கு மெசேஜாகப் போகும். அந்த மெசேஜ்களின் தமிழ் மொத்தமும், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற இவர் பொறுப்பு. நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ஆங்கிலத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தால், ப்ரோக்ராமே பழைய வரிகளைத் துழாவும். கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற ஒன்றின் தமிழை எடுத்து அங்கே போட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் குறி வைக்கும். 'இது என் ஊகம், மனுஷர் யாராவது பாருங்கள்' என்று அர்த்தம். மஞ்சள் இருக்கிறவரை அந்தத் தமிழ் வெளியே போகாது, ஆங்கிலம்தான் போகும். அண்ணன் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, திருத்தி, மஞ்சளை எடுப்பார்.

ஒரு வரிக்காக நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். நோயாளியின் நிலை மோசமானால் போகிற மெசேஜ் அது. 'உங்களவரின் உடல்நிலை கவலைக்குரியதாக இருக்கிறது. உடனே டாக்டரை வந்து பாருங்கள். தனியாக வராதீர்கள், யாரையாவது துணைக்கு அழைத்து வாருங்கள்.' கடைசி வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையவே கிடையாது.

"இல்லாததை எப்படி அண்ணே சேர்க்கலாம்? கதையா எழுதறீங்க?"

"அதைப் படிக்கிறப்ப யாருக்கும் மூளை வேலை செய்யாதும்மா. யாராவது சொன்னாத்தான் தோணும்."

தோற்றது நான்தான். அந்த வரி அப்படியே போனது.

வீட்டில் அவரும் அண்ணியும் மட்டும். குழந்தை இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு அண்ணி போன் பண்ணி "சாப்பிட்டாச்சா?" என்பாள். அவர் எடுக்காவிட்டால் அடுத்த போன் எனக்கு: "அந்த மனுஷன் கம்ப்யூட்டருக்குள்ள விழுந்துட்டாரான்னு கொஞ்சம் எட்டிப் பாரு." அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் வயிற்றில் கட்டி. எங்கள் சாஃப்ட்வேர் ஓடுகிற ஒரு ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்றார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அண்ணன் லீவு போட்டார்.

அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும் அந்தப் புகார்? முந்தின நாள் புது வெர்ஷன் போயிருந்தது. பாதி மெசேஜ் ஆங்கிலத்தில் வருகிறது, ஜனங்களுக்குப் புரியவில்லை என்று அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே கூச்சல். திறந்து பார்த்தால் அண்ணன் பார்த்து முடிக்காத நூற்று நாற்பது வரி மஞ்சளோடு நிற்கிறது. மத்தியானத்துக்குள் முடி என்று மேனேஜர் கழுத்தில் உட்கார்ந்துவிட்டார். முதல் பத்து வரி பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மீதியை மொத்தமாகப் பிடித்து ஒரே தட்டில் மஞ்சளை எடுத்துவிட்டேன். "இதுக்குப் போய் இவர் வாரக்கணக்கா உட்கார்றாரே!" என்று சத்தமாக வேறு சொன்னேன். அந்த வாயைத் தைக்க வேண்டும்.

மூன்று மணிக்கு அண்ணனிடமிருந்து போன்.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வர்றியா?"

"ஆபரேஷன் முடிஞ்சுதா அண்ணே?"

"மெசேஜ் வந்துச்சு. கவலைக்குரியதா இருக்காம். டாக்டரைப் பார்க்கணுமாம். எனக்கு இங்க யாரும் இல்லம்மா. தனியாப் போகக் கூடாதுல்ல?"

எழுதினவரே அந்த வரி சொன்னபடி துணைக்கு ஆள் தேடுகிறார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதிப் படி இறங்கியதும் கால் நின்றுவிட்டது. காலையில் மஞ்சள் எடுத்த கூட்டத்தில் 'உடல்நிலை சீராக இருக்கிறது, நர்ஸைப் பாருங்கள்' என்று ஒரு புது வரி உண்டு. ப்ரோக்ராம் அதற்குப் பக்கத்தில் எந்தப் பழைய தமிழைக் கொண்டுவந்து வைத்திருக்கும்? பார்த்தேனா நான்?

திரும்பி மேலே ஓடினேன். எந்த போனுக்கு எந்த வரி போனது என்று எங்களிடம் பதிவு இருக்கும். பழைய வரி போயிருந்தால் அண்ணிக்கு நிஜமாகவே ஆபத்து. புது வரி போயிருந்தால் தப்பு என்னுடையது. தப்பு என்னுடையதாக இருக்கட்டும் சாமி என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். பதிவில் தேடுகிற அவசரத்தில் அவர் நம்பரையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

புது வரிதான். உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அண்ணி நல்லா இருக்காங்க! சீரா இருக்குன்னுதான் ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. நான்தான் பார்க்காம மஞ்சளை எடுத்துட்டேன். நான் பாவி அண்ணே."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "இன்னும் எத்தனை பேருக்கு இது போச்சு?"

"உங்களைச் சேர்த்து எட்டு பேர், எல்லாம் அந்த ஆஸ்பத்திரியிலதான். நோயாளிங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"எல்லாரும் இந்த ஹால்லதான் இருப்பாங்க. வச்சிடறேன்."

வரியைச் சரிபண்ணிவிட்டு ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வாசலில் நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள்: "அந்தம்மா முழிச்சுட்டாங்க, வீட்டுக்காரர் எங்க போயிட்டார்?"

வீட்டுக்காரர் ஹாலின் கோடியில், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "இது தப்பான மெசேஜும்மா. நான்தான் எழுதினது, என்னைத் திட்டுங்க. உங்க பையன் நல்லா இருக்கான்."

"அண்ணே, உள்ள கூப்பிடறாங்க."

"இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லணும். அதுவரைக்கும் நீ போய் அவ பக்கத்துல இரு."

அண்ணி பாதி மயக்கத்தில் கிடந்தாள். "அவர் எங்க?" என்றாள். வந்துகொண்டே இருக்கிறார் என்றேன். அவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, இவ ஏன் அழறா?" என்றாள் அண்ணி.

"பயந்துட்டா" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "அங்கயே ஏன் நிக்கற? வா, அந்தக் கையை நீ பிடிச்சுக்கோ."