முச்சந்தி பிளக்ஸில் என் முகம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது, இனி வேலை நம்மைத் தேடி வரும் என்றார்கள். தேடித்தான் வந்தது. ஒரு கல்லூரி மைதானத்தில் ஷாமியானா போட்டு வேலைவாய்ப்பு முகாம் நடத்தினார்கள். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கிய பிள்ளைகளும், ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து போன நானும் சான்றிதழ் பையோடு ஒரே வரிசையில் நின்றோம். வந்திருந்த கம்பெனிகளில் ஒன்றுகூட எங்கள் மாவட்டத்தில் இல்லை. எல்லாம் எங்களை அள்ளிக்கொண்டு போக வந்தவை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. சென்னைக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று என்னைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கருமாதிக்கும் பிளக்ஸ். வேலை கிடைத்தால் சும்மா விடுவார்களா? கூட்டாளிகள் முச்சந்தியில் ஆளுயரத்துக்கு என் முகத்தை வைத்துவிட்டார்கள். கோட்டு சூட்டு கம்ப்யூட்டரிலேயே மாட்டியது. பக்கத்தில் 'பொறியாளர்' என்று வேறு. காலமெல்லாம் கரும்பு வெட்டிய அப்பா, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாராம்.

அந்தப் பிளக்ஸைப் பார்த்துத்தான் களமருதூர் பக்கத்திலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர். தை பிறந்ததும் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். அந்தப் பெண்ணோடு போனில் பேசினேன். மனசுக்குப் பிடித்துப்போயிற்று.

மார்கழி பிறப்பதற்குள் கம்பெனியில் எங்கள் பேட்ச் முடிந்தது என்றார்கள். ஒரு வருடம் முழுசாக வைத்திருந்தால் நிரந்தரம் கேட்போமாம். நாங்கள் வெளியே வந்த வாசலில் அடுத்த பேட்ச் பையோடு நின்றது. எந்த ஊர் முகாமில் அள்ளியதோ, பாவம்.

அம்மா தெரு முழுக்க, "புள்ள லீவுல வந்துகிறான்" என்று சொல்லி வைத்தாள். நான் கத்தினேன்.

"நிச்சயம் முடியற வரிக்கும் வாய மூடிக்கினு இரு. அப்புறம் இன்னா வேணா சொல்லு" என்றாள்.

மூடிக்கொண்டேன். ஆனால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. "எப்பப்பா கெளம்புற?" என்பதைத் தவிர ஊரில் யாருக்கும் வேறு கேள்வியே தெரியவில்லை. வீட்டிலும் எத்தனை நாள் சுவரைப் பார்ப்பது? ஒருநாள் அப்பா போகும் கூலிக்கே நானும் போனேன். ஊர்க்காரர் ஒருவரின் மக்காச்சோளத்தை ரோட்டோரம் கொட்டிக் காயவைக்கிற வேலை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. நிலக்காரர் ஓடிப்போய் வண்டியிலிருந்து ஒரு பிளக்ஸ் சுருளைக் கொண்டுவந்து வீசினார். விரித்தால் நான். யாருடைய பிறந்தநாளுக்கோ இடம் வேண்டுமென்று முச்சந்தியில் கழற்றிப் போட்டதை எடுத்து வைத்திருந்திருக்கிறார். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "மேக்கால இழுத்துப் புடி" என்றார். இழுத்துப் பிடித்தேன். கோட்டு சூட்டின் மேல் கல்லைத் தூக்கி வைத்தேன்.

அப்போது ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது. பெண்ணின் அப்பா. பிளக்ஸைப் பார்த்தார், சேறும் சோளத் தூசியுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"எப்ப கெளம்புறீங்க தம்பி?"

அவரிடமும் லீவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேல இல்லீங்க. அனுப்பிட்டாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காற்றில் எழும்பிய மூலையில் ஒரு கல்லை எடுத்து வைத்தார். "மழ ஜாஸ்தியாவும் போலகீது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து போன் இல்லை. போன் வருமென்று தை பிறந்து முடியும்வரை அம்மா செல்லை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

அன்று மழை விட்டதும் நிலக்காரர் வந்து சோளத்தில் கைவிட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"பரவால்லடா, நாளைக்கும் வா" என்றார்.

பரீட்சை இல்லாமல், நேர்காணல் இல்லாமல், என் மாவட்டத்திலேயே எனக்குக் கிடைத்த முதல் வேலை. போனேன்.