ஒரே பலகையில் பதினோரு வருடம்

முந்திரி ஆலையில் அவளை முழுசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டையால் கொட்டையை ஒரு தட்டு தட்டினால் போதும், பருப்பு உடையாமல் முழுசாக வெளியே வந்துவிடும். அவள் உட்காரும் பலகையில் பக்கத்து இடம் அவள் தங்கைக்கு.

முழுசக்காவுக்குக் குழந்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தன் இரண்டு வயது மகளை அவளிடம் விட்டுவிட்டு வெளியே போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு முந்திரி மரம். பழத்தை நறுக்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் குழந்தை கீழே கிடந்த பச்சைக் கொட்டையைக் கடித்துவிட்டது. ஓட்டிலிருந்த எண்ணெய் பட்டு உதடும் நாக்கும் வெந்து கொப்பளித்துப் போயின.

தங்கை ஓடி வந்தாள். "பெத்தவளா இருந்தா இப்படி விட்டுட்டுப் போயிருப்பியாக்கா?"

மறுநாளே முழுசக்கா மரத்தை வெட்டிப் போட்டாள். குழந்தைக்கு ஆறிவிட்டது, கீழுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றது. முழுசக்காவுக்குத்தான் ஆறவில்லை.

அதன்பின் பதினோரு வருடம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கூடையைத் தள்ளச் சொல்வதற்குக்கூட மேஸ்திரியைத்தான் கூப்பிடுவார்கள். தன்னைத் தபால்காரனாக்கிவிட்டார்கள் என்று அவர் அலுத்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் தங்கைக்கு இருமல் வந்தது. அப்புறம் வேலைக்கே வரவில்லை. ஒருநாள் அவள் மகள் ஆலை வாசலில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, அன்னைக்குச் சொன்னது தப்புதான்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. உங்களைப் பாக்கணுமாம்."

முழுசக்காவுக்கு மனசு அப்போதே இளகிவிட்டது. ஆனாலும் கொஞ்சம் பிகு பண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெறும் இருமல்தானே, திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

"அதை அவளே வந்து சொல்லட்டும்."

தங்கை அந்த வாரம் வியாழக்கிழமையே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மகளை அவள் அப்பா வேறு ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

இடத்தை மாற்றித் தரட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். முழுசக்கா வேண்டாமென்றாள். இப்போது பக்கத்தில் ஒரு புதியவள் உட்காருகிறாள், சரியான வாயாடி. அவள் என்ன கேட்டாலும் முழுசக்கா கையிலிருக்கும் கட்டையைக் கீழே வைத்துவிட்டு உடனே பதில் சொல்கிறாள்.