அண்ணன் தோளுக்குச் செய்த துப்பாக்கி

அந்தத் துணிக்கடையின் பின்கட்டில், உடை மாற்றிப் பார்க்கும் அறைகளைத் தாண்டிப் போனால் அவளுடைய அறை வரும். ஒரு தையல் மிஷின், ஓரம் அடிக்கும் மிஷின், இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் ஏறி நிற்க ஒரு பலகை. அவ்வளவுதான் ராஜ்ஜியம். புதிதாக எதையும் அவள் தைப்பதில்லை. மற்றவர்கள் தைத்துக் கெடுத்ததைத் திருத்துவாள். இடுப்பைப் பிடிப்பாள், தளர்த்துவாள், கால் நீளத்தைக் குறைப்பாள். ஐம்பதைத் தாண்டியும் ஊசியில் நூல் கோக்க மூக்குக்கண்ணாடி தேடாதவள் என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடையில் எல்லோரும் அவளை 'ஏனக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்காமல் கத்தரியைத் தொடமாட்டாள் என்பதால் வந்த பெயர். பேன்ட் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி ஒருவர் வந்தால், உடம்பு ஏன் இளைத்தது, காய்ச்சலா, காதலா, திரும்பவும் பூசினாற்போல ஆகிவிடுவாரா என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் சாக்பீஸை எடுப்பாள். சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டுமே. காய்ச்சலில் இளைத்தவருக்கு உள்ளே துணி விட்டுத்தான் பிடிக்க வேண்டும்; கொஞ்ச நாளில் பிரித்துவிடச் சொல்லி வந்து நிற்பார். கேட்காமல் வெட்டினால் அப்போது யார் பதில் சொல்வது?

இப்படிப்பட்டவளை ஒரு துப்பாக்கிக் கிளப்புக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும்? அண்ணன் அந்தத் தப்பைத்தான் செய்தார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை வந்தால் போதும், ஊருக்கு வெளியே இருக்கிற சுடுதளத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு யந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும், இவர்கள் சுட்டு உடைப்பார்கள். உயிருள்ள எதற்கும் அங்கே ஆபத்தில்லை. போன வருடம் வேலையில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து அவருடைய வலது தோள் நொறுங்கிவிட்டது. தகடு வைத்து ஒட்டிய டாக்டர், துப்பாக்கியின் உதையை இனி அந்தத் தோள் தாங்காது என்று சொல்லிவிட்டார். கார் ஓட்டவும் தடை. ஆனாலும் நண்பர்களைப் பார்க்காமல் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால் தங்கை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

முதல் நாளே அவள் அங்கிருந்தவர்களை ஒரு வழி பண்ணிவிட்டாள். தட்டு ஏன் ஆரஞ்சு நிறம்? ஏன் எல்லோரும் துப்பாக்கியை நடுவில் மடித்து, வாய் பிளந்தபடியே தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? உள்ளே தோட்டா இல்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும், அதனால்தான் என்றார்கள். சரி, அப்படியானால் ஏன்... தொல்லை தாங்காமல் ஒருவர் தன் துப்பாக்கியையே கையில் கொடுத்துவிட்டார். காதடைப்பானை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி "விடு!" என்று கத்தினாள். தட்டு பறந்தது, சுட்டாள், தூள் தூளானது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் உடையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஒன்றை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருப்பார்கள். இவளுக்கோ உடையாத தட்டுகள்தான் மண்டையைக் குடைந்தன. அதே கை, அதே கண். பிறகு ஏன்? அந்தக் கேள்வி பிடித்தது பிடித்ததுதான். பயிற்சிக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், சொந்தமாக ஒரே ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டாள். வீட்டுக்காரர் மட்டும், "தட்டோட நிறுத்திக்கோ தாயே" என்றார்.

செய்தி கேட்டதும் அண்ணன் தன் வீட்டு இரும்பு அலமாரியைத் திறந்தார்.

"கடை கடையா எதுக்குப் பாப்பா ஏறி இறங்கணும்? என்னோடதை எடுத்துக்கோ."

மேலும் கீழுமாக இரட்டைக் குழல். தோளில் பதியும் மரக்கட்டை அண்ணனின் நெட்டை உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்தது. அவளோ அண்ணனின் தோளுக்குக் கீழே நிற்பவள். தூக்கிப் பார்த்தாள். கட்டையின் அடி அக்குளில் போய் மாட்டிக்கொண்டது.

"நீளமா இருக்குண்ணா."

"வெட்டிக்கோ. கிளப்புல பழுது பார்க்கிற பொண்ணு இருக்காளே, அவளுக்கு இது ஒரு வேலையே இல்ல."

"வெட்டிட்டா உனக்கு ஆகாதே."

"எனக்கு எதுக்கு? அந்தக் கதைதான் முடிஞ்சு போச்சே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சமையலறையிலிருந்து அண்ணி, "எடுத்துக்கோம்மா, அலமாரியில இடமாவது காலியாகட்டும்" என்றாள்.

அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. 'உங்க இஷ்டப்படி வெட்டிக்கோங்க' என்று கடையில் தங்கள் பழைய கோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, வெட்டி முடியும்வரை கதவோரத்தை விட்டு நகராதவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். வாங்கிக்கொண்டால் வெட்ட வேண்டும். வெட்டினால், அண்ணன் இனி சுடப்போவதில்லை என்பதைத் தங்கையே தன் கையால் முடித்து வைத்ததாக ஆகிவிடும். வேண்டாம் என்றாலோ, ஆசை ஆசையாகக் கொடுத்ததைத் தள்ளிவிட்டாள் என்று ஆகும். அண்ணன் ரோஷக்காரர். ஒருமுறை முகத்தைத் திருப்பினால் லேசில் திரும்பமாட்டார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் குடைந்து குடைந்து கேட்பவளுக்கு, 'நிஜமாகவே உனக்கு வேண்டாமா?' என்று அண்ணனைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. பயமாக இருந்தது. அதனால் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். அளவு நாடாவை எடுத்தாள்.

அண்ணியின் பீரோக் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று, மூச்சை அடக்கி, முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை ஒன்று, தோள் எலும்பிலிருந்து கன்னம் வரை ஒன்று என்று அளந்தாள். கட்டையின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோட்டின் நேர்த்தி அவளுக்கே பிடித்துப்போனது.

அடுத்த விடுமுறையில் அண்ணனும் தங்கையுமாக அதை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார்கள். பட்டறை என்பது அங்கே ஓரத்தில் இருந்த ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்தால் எண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும். அரம், ரம்பம், மரத்தூள், சுவரோரம் சங்கிலி போட்டுப் பூட்டிய துப்பாக்கி வரிசை. பழுதுக்காரி இவளைவிட ரொம்பச் சின்னவள், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். அண்ணன் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். "பாப்பா சொல்றபடி வெட்டிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு, நண்பர்களோடு டீ குடிக்கப் போய்விட்டார். போகிற வேகத்தைப் பார்த்தால், வெட்டுவதைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறவர் மாதிரிதான் இருந்தது.

பழுதுக்காரி கோட்டைப் பார்த்தாள், பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு அக்கா அளவெடுத்தது?"

"நான்தான். ஏன்?"

"எப்படி நின்னு எடுத்தீங்க?"

நின்று காட்டினாள், கடையில் பலகை மேல் ஏறும் வாடிக்கையாளரை எப்படி நிற்கச் சொல்வாளோ அப்படி, விறைப்பாக.

பழுதுக்காரி சிரித்துவிட்டாள். "இப்ப சுடுற மாதிரி நில்லுங்க."

இடது கால் முன்னே போனது. முழங்கால் லேசாக மடங்கியது, உடம்பு சாய்ந்தது, கழுத்து நீண்டது, தோளும் கூடவே முன்னால் வந்தது. கண்ணாடி இல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடமாக நிற்கிற உடம்பையே அளந்து பழகியவள், நகர்கிற உடம்பை மறந்தே போயிருந்தாள். அந்தக் கோட்டில் வெட்டியிருந்தால் கட்டை குட்டையாகி, ஒவ்வொரு உதைக்கும் தன் கட்டைவிரலே தன் மூக்கில் குத்தியிருக்கும்.

"நல்லவேளை. ஏம்மா, வெட்டினப்புறம் திரும்ப நீட்ட முடியுமா?"

"ஒட்டு வைக்கலாம். ஆனா ஒட்டுன்னு பார்த்த உடனே தெரியும். வெட்டுறதுக்கு முன்னாடி, இங்க விலைக்கு இருக்கிறதையும் ரெண்டு மூணு சுட்டுப் பார்த்திடுங்களேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஏனக்கா வரிசையின் முன்னால் போய் நின்றாள். இது ஏன் ஒற்றைக் குழல்? அது ஏன் அவ்வளவு நீளம்? இதில் ஏன் இவ்வளவு பூவேலை? பழுதுக்காரி மென்றுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஏனக்கா முதலில் கை வைத்தது இருப்பதிலேயே லேசான ஒன்றில். லேசானது மெதுவாக உதைக்கும் என்பது அவள் கணக்கு. தளத்துக்குப் போய் ஒருமுறை சுட்டதும் பல் கிடுகிடுத்தது.

"கனமா இருந்தா துப்பாக்கியே பாதி உதையை வாங்கிக்கும்கா. லேசா இருந்தா மொத்தமும் உங்களுக்குத்தான்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்கமாட்டாள், அது உண்மைதான். அடுத்து பூவேலை செய்தது. கன்னத்தை வைத்தால் கட்டை தாழ்வாக இருந்தது. குழலின் பின்முனை மட்டும் தெரிந்தது, தட்டு தெரியவில்லை. மூன்றாவதாகப் பழுதுக்காரி எடுத்துக் கொடுத்தது யாரோ வைத்திருந்து விற்றது. கட்டையில் கீறல்கள், பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. குழல் வாய் சற்றுச் சின்னது, கனம் மட்டாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொன்னாள் பழுதுக்காரி. தூக்கினாள். கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் பார்வை குழலின் மேல் நேராக ஓடியது.

"விடு!"

தட்டு உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. மூன்றாவது தப்பியது. தப்பிய அந்த நொடியே அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கையை நிறுத்திட்டேன்! தட்டு போய்க்கிட்டே இருக்கு, நான் நின்னுட்டேன். அதான்!"

இத்தனை மாதமாகத் தூக்கம் கெடுத்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. மற்ற துப்பாக்கிகளில் தப்பினால் அது தன் தப்பா, கட்டையின் தப்பா என்று தெரியவே தெரியாது. இதில் தப்பு முழுக்க அவளுடையது. இதைவிட ஒரு துப்பாக்கி என்ன செய்ய வேண்டும்? அவளுக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆனால் அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது?

அவர்கள் கொட்டகைக்குத் திரும்பவும், டீ குடித்துவிட்டு அண்ணன் வரவும் சரியாக இருந்தது.

"என்ன, வெட்டியாச்சா?"

"இல்லண்ணா. உன் துப்பாக்கி எனக்கு வேண்டாம்."

"வேண்டாமா?"

"எனக்குச் சேரல. எனக்கு இது சேருது."

அண்ணன் அந்தக் கீறல் விழுந்த கட்டையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "ஓஹோ. எவனோ வித்துட்டுப் போனது உசத்தி. அண்ணன் பொத்திப் பொத்தி வச்சிருந்தது மட்டமாப் போச்சு. அப்படித்தானே?"

பழுதுக்காரி மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஏனக்கா வாயைத் திறந்தாயிற்று, இனி மூடிப் பிரயோஜனமில்லை.

"கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. நிஜமாவே இது உனக்கு வேண்டாமா?"

அண்ணன் மேஜைக்குப் போனார். சாக்பீஸ் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார். துப்பாக்கியை மடித்து இரண்டு குழலும் காலி என்று பார்த்தார், மூடினார். பிறகு, திறந்த கதவுக்கு வெளியே ஆளில்லாத பக்கமாக வானத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, அதை மெதுவாகத் தூக்கி இடது தோளில் வைத்தார்.

கோணல்மாணலாக இருந்தது. கன்னம் கட்டையில் படியவில்லை. யாரோ முதல்முதலாகத் துப்பாக்கியைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"டாக்டர் வலது தோளைத்தானே சொன்னாரு?" என்றார் அண்ணன், வானத்தைப் பார்த்தபடியே. "இடதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலையே. வேலை பார்க்கிற இடத்துல, யாரும் இல்லாதப்போ, துடைப்பத்தை வச்சுத் தூக்கிப் பார்க்கிறேன் பாப்பா. ஒண்ணும் அமைய மாட்டேங்குது. இருக்கிறவங்க எல்லாம் எங்கிட்ட கத்துக்கிட்டவங்க. அவங்க முன்னாடி போயி, இந்த வயசுல, முதல்லருந்து..."

"கட்டை வலது கைக்காரங்களுக்கு வளைச்சது சார்," என்றாள் பழுதுக்காரி. "சூடு பண்ணி அந்தப் பக்கம் வளைச்சுப் பார்க்கலாம். வெட்ட வேண்டாம். ஆனா நீங்க எப்படி நிப்பீங்கன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு வளைக்கணும்னு தெரியும். சுடுற மாதிரி நில்லுங்க."

அண்ணன் பழக்கத்தில் இடது காலை முன்னால் வைத்தார். உடம்பு முறுக்கிக்கொண்டது. பின்னால் எடுத்தார், திரும்பவும் அதையே வைத்தார். தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தார்.

"எந்தக் கால் பாப்பா முன்னாடி வரணும்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வலது கால்ணா," என்றாள்.

அண்ணன் வலது காலை முன்னால் வைத்தார்.