மூன்று பேரில் மூன்று பேர்

பழைய சாமான் எடுக்க வருபவருக்காக இன்று காலை பரணிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கித் திறந்தேன். வாளையார் சாலையோரம் வீடு என்றால் எதைத் திறந்தாலும் முதலில் லாரிப் புழுதிதான். அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறிய தூசியும் கொஞ்சம் ஈரமும் கலந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மனசால் மூணாறுக்கு ஏறிவிட்டேன். நீங்களும் வாருங்கள், ஒரு மத்தியானம்தான்.

அப்போது நான் மூணாறு பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். வெளியே மூடுபனி, உள்ளே மெஷின்கள். பனி விலகுகிற வேகத்தில்தான் அவையும் விழிக்கும். பக்கத்திலுள்ள பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தில் எடுக்கிற கரண்ட் ஊருக்கெல்லாம் ஓடிப் போகிறது, நமக்கு மட்டும் நடந்து வருகிறது என்று சொல்லிச் சிரிப்போம். சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்து வந்தாலும் திரை நீலமாகவே நிற்கும்.

அந்த நாட்களில் என் கைக்கு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. எந்த நாட்டுக்காரர்களோ செய்து இலவசமாக விட்டிருந்தார்கள். மெஷின் எழுந்திருக்கும்போது கூடவே என்னென்ன எழுகின்றன, எது எத்தனை நொடி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அதை வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அப்படியே விட்டுவைத்தார்கள், எத்தனை பேர் வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள் என்று போட்டிருக்கும். முகம் தெரியாத யார் யாரோ தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ததை எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்! பனிக்குள் முன்னே போனவர்களின் கால்தடம் மாதிரி இருந்தது எனக்கு. மிதித்து மிதித்துப் போனேன்.

எங்கள் கடைக்கு மேல் மாடியில் ராஜகனி அக்கா டைப்பிங் கடை வைத்திருந்தார். எஸ்டேட் ஆட்களுக்கும் மலைமேல் வட்டவடைக் கிராமத்துக்காரர்களுக்கும் தமிழில் அபேட்சை, அதாவது மனு, அடித்துக் கொடுப்பவர். அன்று மத்தியானம் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தச் சனியன் எந்திரிக்குறதுக்குள்ள எனக்கு வயசாயிரும் போல. பேச்சியம்மாவுக்கு நாளைக்குத் தாலுக்கா ஆபீஸ்ல விசாரணை. பழைய மனு எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கணும்."

பெஞ்சில் பேச்சியம்மா. வட்டவடையிலிருந்து ஜீப்பில் வந்தவர், மடியில் ஒரு கட்டு கேரட். ஒன்பது வருஷமாக வீட்டுமனைக்குப் பட்டயம், நம்மூர்ப் பட்டா, கேட்டு மனுப் போடுகிறார். ஒவ்வொரு தடவையும் எல்லை ஒத்துவரவில்லை என்று திருப்பி விடுகிறார்கள். இந்தத் தடவையும் திரும்பினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

வேலையை ஆரம்பித்தேன். உலகம் எடுக்கச் சொன்னதையெல்லாம் எடுத்தேன். கடைசியில் வாயில் நுழையாத பெயரில் ஒன்று. வைத்திருந்தவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் எடுத்துவிட்டார்கள். மூன்றுக்கு மூன்று என்றால் நூற்றுக்கு நூறு அல்லவா? வேரோடு பிடுங்கினேன்.

மெஷின் சிட்டாகப் பறந்தது. அக்கா கைதட்டினார். பிறகு பேச்சியம்மாவின் மனுவைத் திறந்தார். தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கால்புள்ளியும் நண்டு மாதிரி ஊர்ந்தன. நான் பிடுங்கியது அக்காவின் தமிழ் டைப்பிங். போகிறபோது எழுத்துருவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் சி.டி.யைத் தந்த கோயம்புத்தூர்க் கடை மூடி வெகுநாளாயிற்று.

"உலகத்துல எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு போட்டிருந்துச்சுக்கா."

"உலகத்துல எல்லாருமா தமிழ்ல மனு எழுதுறாக? போடா, கூறு கெட்டவனே!"

பேச்சியம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "என்னத்தா, என் வீடு அதுக்குள்ள இருக்கா, இல்லையா?"

அக்கா அந்த நண்டுகளை உற்றுப் பார்த்தார். பிறகு விரல்களைக் கீபோர்டில் அழுத்தாமல் வைத்தார். திரையில் இருந்தது, மனு அடித்த அன்றைக்கு அவர் எந்தெந்தக் கட்டையைத் தட்டினாரோ அதுதான். டைப்ரைட்டரில் பழகிய விரல் அது. "இது மோதிர விரல்... இது சுண்டு விரல்..." என்று முனகினார். திடீரென்று வாய்விட்டுப் படித்தார்: "பணிவான வணக்கம்."

அவர் விரல் விரலாகப் படிக்க, நான் வெள்ளைத்தாளில் எழுதினேன். ஜன்னலில் பனி வந்து நின்று கேட்டது போலிருந்தது. "கிழக்கே மாரிமுத்து தோட்டம், தெற்கே ஓடை..."

"எது?" என்றார் பேச்சியம்மா. "ஓடை தெக்கயா? ஓடை வடக்கல்ல ஓடுது. தெக்க பாதை."

அக்கா அடுத்த மனுவைத் திறந்தார். தெற்கே ஓடை. அதற்கடுத்ததிலும் தெற்கே ஓடை. முதல் மனுவில் கை தவறியதை ஒன்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார். எழுதியதை ஒருநாளும் பேச்சியம்மாவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. கைநாட்டுக்கு இடம் மட்டும் காட்டினார்கள்.

என்னைத் திட்டிய அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஒன்பது வருசம் என் ஓடைய நீ தெக்க திருப்பி விட்டிருக்கியேடி" என்றார் பேச்சியம்மா. கோபமா சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. "சரி, அழுவாத. தம்பி, வடக்கன்னு எழுதுப்பா. கொட்ட எழுத்தா எழுது."

மறுநாள் அந்தக் கைப்பிரதிகளோடும், திருத்திய மனுவோடும் போனார்கள். இடம் பார்க்க ஆள் வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் பட்டயமும் வந்தது. அதற்குப் பின் அக்கா யாருக்கு அடித்தாலும் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியதில்லை. கீழே என் கடை வரை கேட்கும், மலை மனிதர்களின் எல்லைகளும் கடன்களும் கல்யாணங்களும்.

நான் அந்த சாஃப்ட்வேரில் நாலாவது ஆளாக "எடுக்காதீர்கள்" என்று குறித்து வைத்தேன். கொஞ்ச நாளில் அதை யாரோ பெரிய ஆட்கள் வாங்கி, மூடியும் விட்டார்கள். என் ஓட்டு எங்கே போயிற்றோ. இப்போது மூடியைத் தூக்கினாலே கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது, யார் எதை எடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. மனுவெல்லாம் ஆன்லைன். அக்காவின் மாடியில் சாக்லேட்டும் ஏலக்காயும் விற்கிறார்கள்.

போன வருஷம் வட்டவடை போயிருந்தேன். பேச்சியம்மா இப்போது உயிரோடு இல்லை. மகள் பட்டயத்தைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் காட்டினாள். வடக்கே ஓடை என்று தெளிவாக இருந்தது. எழுந்து வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஓடை இருந்த இடத்தில் ரிசார்ட்டுக்குப் போகிற தார்ச்சாலை. ஒரு ஜீப் ஏறிப் போயிற்று.